ஹெல்மெட்டுக்கு வச்ச பொட்டு

போதும் தம்பி, உட்டுடு. பைக்க எதுல வேணா தொடச்சிக்க, யாரு வேணாங்கறா. ஹெல்மெட்ட பெட்ரோல் போட்டுத் தேய்க்காத. சோப்புத் தண்ணி போதும் அதுக்கு.

குங்குமக் கறை போவலன்னா கெடக்கட்டும்பா. ஆயுத பூஜைக்கு வண்டி, ஹெல்மெட்டு எல்லாத்துக்கும் பொட்டு வைக்கறது, மறுநாள் பஞ்சர் கடைல பெட்ரோல் வாங்கித் தேய்க்கறது. செஞ்சி ஊரு பூரா இதே வேலதான். காலைலேர்ந்து சொல்லிச் சொல்லி தொண்ட காஞ்சிடுச்சி. எவன் கேக்கறான்?

மெக்கானிக்கா? இல்லப்பா, வாத்தியாரு. பன்னெண்டாவதுக்குக் கெமிஸ்ட்ரி. என் வண்டிக்கு ட்யூப் மாத்தறாங்க, நிக்கறேன். சிரிக்காத, கேளு.

இந்த ஹெல்மெட்டு ஓடு பிளாஸ்டிக்குதான, அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம நீள நீளமா சங்கிலிங்க, இடியாப்பமாட்டம் பின்னிக்கினு கெடக்குது. ஒரு சங்கிலிக்குள்ள கார்பனும் கார்பனும் கெட்டியா புடிச்சிக்கினு இருக்கும். பெட்ரோலால அத்த ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவுல புடிப்பு லேசு. பெட்ரோல் அந்தச் சந்துல பூந்து தளர்த்திடும். உள்ள இருக்கற தெர்மாகோல் கரைஞ்சே பூடும். அடி உழுந்தா தாங்க வேண்டியது, பட்டுனு பொளந்துக்கும். வெளிய பாத்தா புதுசாட்டம் பளபளன்னுதான் இருக்கும்.

எப்டித் தெரியுமா? எம் புள்ள எழிலரசன்பா. போன வருசம் பூஜை முடிஞ்ச அந்த வாரம், சிங்கவரம் ரோட்டுல நாய் குறுக்க வந்துடுச்சி. வேகம்கூட இல்லன்னாங்க பின்னால வந்தவங்க. ஹெல்மெட்டு ரெண்டு துண்டா கெடந்துச்சி. கைல எடுத்துப் பாத்தேன், உள்ள குழிகுழியா கரைஞ்சிருந்துது. அப்பவே புரிஞ்சிடுச்சி. புரியாமலே இருந்திருக்கலாம். ... ஆமாம்பா, எடத்துலயே போயிட்டான்.

அவன் எங்க தொடச்சான்? அவங்கம்மாதான். புள்ள புது வேலைக்குப் போறான், பொட்டும் கறையுமா போனா நாலு பேரு சிரிப்பாங்கன்னு, நான் ஸ்கூலுக்குப் போனப்புறம் ஒக்காந்து தேய்ச்சிருக்கா. அவளே சொன்னா, எவ்ளோ சுத்தமா அனுப்பிச்சேன்னு, அழுவும்போது.

சொல்லலப்பா. எப்டி சொல்லுவேன்? ஹெல்மெட்டு கம்பெனி மால் சரியில்லன்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்கும் அந்தக் கம்பெனிக்காரன திட்டிக்கினேதான் எனக்குச் சோறு போடறா. திட்டட்டும், திட்டறதுக்கு ஒருத்தன் வேணும் இல்ல.

அதோ, காய்கறிக் கடைலேர்ந்து வர்றா பாரு, பச்சைப் பொடவ. பேச்ச மாத்து தம்பி. மழ வருமான்னு எதனா கேளு.