பட்டாம்பூச்சி உட்கார்ந்த தோள்

"அந்தப் பட்டாம்பூச்சிக்குக் கண்ணே தெரியாதுன்னு நினைக்கிறேன்."

மேலூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து இந்தக் குரல் வந்தது. பூப்போட்ட புடவை, தலை நிறைய மல்லிகை. பக்கத்தில் கணவர், போனில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். காப்புக்காட்டுக்குள் இருக்கும் பட்டாம்பூச்சிப் பூங்காவைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

"உங்க தம்பி பொண்டாட்டி தோள்ல போயி அவ்வளவு நேரம் உக்காந்துச்சே! சுத்தி அத்தனை ஆவாரம்பூ, எருக்கம்பூ, அதெல்லாம் வேண்டாமாம். பூப்போட்ட புடவை கட்டுனவ நான், மல்லி வச்சவ நான். அவ வெளுத்த புடவையில என்னத்தைக் கண்டுச்சு?"

"அது பூவுக்கு வரலம்மா."

"பின்ன?"

"உப்புக்கு. வேர்வையில இருக்குற உப்பை உறிஞ்சுமாம். அங்க போர்டுல போட்டிருந்துச்சு."

"ஏன், எனக்கு வேர்க்காதாக்கும்?"

"உனக்கு எப்படி வேர்க்கும்? காலையில எந்திரிச்சு எல்லாருக்கும் புளிசாதம் கிளறுனது அவ. சாப்பாட்டுப் பை, தண்ணி கேன் எல்லாத்தையும் காடு பூரா தூக்கிட்டு நடந்ததும் அவதான்."

டிரைவருக்குப் பின் சீட்டில் வெளுத்த புடவை கட்டிய ஒரு பெண், பெரிய பையை மடியில் கட்டிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பூப்போட்ட புடவைக்காரி அவளையே பார்த்துக்கொண்டு வந்தாள். காவிரிப் பாலம் தாண்டியதும் கணவர் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த தடவ போறப்ப அந்தப் பையை எங்கிட்டக் குடுங்க," என்றாள். "புளிசாதம் மட்டும் அவளே கிளறட்டும்."