திட்டினால் திறக்கும் தள்ளுபடி

— முன்னூத்திப் பன்னெண்டு பேருக்குத் தள்ளுபடிச் சீட்டு குடுத்து பத்து நாள் ஆச்சு. ஒருத்தர்கூட உன் வெப்சைட்டுக்குள்ள வரலியா ஆலன்?

— ஒருத்தர் வந்தார் பாய். நான்தான். வேலை செய்யுதான்னு பாக்க.

— அரே தோஸ்த்! காலேஜ்ல படிச்சிக்கினே ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வெப்சைட்டு கட்டினவன்னு என் பிரவுசிங் சென்டருக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் உன்னக் காட்டினேனே! கம்பெனியும் கிறிஸ்மஸுக்குத் தொழிலாளிங்களுக்குப் பாதி விலைன்னு மனசு வச்சிருக்கு. வாங்க மட்டும் ஆளில்லன்னா பேஜாராச்சே!

— இன்னிக்கு ஆறு மணிக்குள்ள ஒரே ஒரு ஆர்டர் வந்தா போதும், கிறிஸ்மஸ் வரைக்கும் தள்ளுபடி ஓடும். வரலன்னா கேன்சல். வருஷா வருஷம் குடுக்கிற மாதிரி ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா. டப்பாவ வேன்ல ஏத்திட்டாங்களாம் பாய்.

— மணி அஞ்சு பத்து.

— இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. கவலைப்பட முப்பது நிமிஷம் போதும். மீதியில டீ சாப்பிடலாம்.

— பாய், இதானே கம்ப்யூட்டர் கடை? நான் சவுரியம்மாள். ஷூ கம்பெனியில தையல் செக்ஷன். இந்தச் சீட்டுக்குப் பாதி விலையாமே? ஆறு மணியோட முடியுதுன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டான். முப்பத்தியேழாம் சைஸ், எடுங்க.

— செருப்பு இங்க இல்லம்மா, எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள. ஒண்ணாம் நம்பர் சிஸ்டத்துல உக்காருங்க. ஆலன், அக்காவுக்குக் காட்டு. இந்தத் தம்பிதாம்மா அந்த...

— அந்தப் பக்கம் வேலை இல்லாம உக்காந்திருந்தேன்கா. வாங்க, நான் காட்டறேன். எந்த மாடல் வேணும்?

— அதோ, அந்தச் சிவப்பு! முன்னாடி பூ வச்சது. அந்தப் பூவத் தைக்கிறதே நான்தான் தம்பி. ஒரு நாளைக்கு நூத்தி இருபது பூ. அத்தினியும் கப்பல்ல போயிடும். பதினாலு வருஷத்துல எங்காலுல ஒண்ணு ஏறினதில்ல. இந்தக் கிறிஸ்மஸ் பூசைக்கு இத்தத்தான் போட்டுக்கினு போவேன்.

— கோயில் வாசல்லயே கழட்டிட்டுதானேக்கா உள்ள போவணும்?

— அதுக்குத்தான் போட்டுக்கினு போறேன். வாசல்ல இருந்தாத்தானே எல்லாரும் பாப்பாங்க?

— திருடு போயிடுச்சுன்னா?

— திருடு போற மாதிரி ஒரு செருப்பு வச்சிக்கணும்னுதான் தம்பி இத்தினி வருஷமா எனக்கு ஆசை.

— நியாயமான ஆசைக்கா. கூடையில போட்டாச்சு. இப்ப இ-மெயில் கேக்குது.

— அது இன்னா?

— கம்ப்யூட்டருக்குக் கடுதாசி வர்ற விலாசம்.

— என் கடுதாசி கம்பெனி கேட்டுக்கு வரும். வாட்ச்மேன் சாமிநாதன் குடுப்பார். சாமிநாதன்னு போடு.

— சாமிநாதன இது ஒத்துக்காதுக்கா.

— ஒத்துக்காதா? எங்க மானேஜரே அவர் சொன்னா ஒத்துக்கிறார்! ஏ பெட்டி! உன்னச் செஞ்ச புண்ணியவான் எவன்? உப்பு வாங்கப் போனா மளிகைக் கடைக்காரன் ஜாதகமா கேக்கிறான்? செருப்புக்கு வந்தவகிட்ட கடுதாசி விலாசம் எதுக்குடா?

— நல்ல கேள்விக்கா. பாய், இப்படி வாங்க, காதக் குடுங்க. ரெண்டாம் நம்பர் சிஸ்டம் எனக்கு வேணும். அந்தக் கட்டத்தத் தூக்கிட்டு சைட்ட மாத்தி ஏத்திடறேன். செஞ்சது நான்தான்னு மட்டும் சொல்லிடாதீங்க.

— ஏம்பா?

— தையல் செக்ஷன் பாய். பையில ஊசி இருக்கும்.

— அங்க இன்னா ரெண்டு பேரும் குசுகுசு?

— ஒண்ணுமில்லக்கா, டீக்குச் சர்க்கரை ஜாஸ்தியா கம்மியான்னு பாய் கேக்கறார். மேல எஃப் அஞ்சுன்னு ஒரு பொத்தான் இருக்கு பாருங்க, அத அமுத்துங்க.

— அமுத்தினேன். அட! கடுதாசி கேட்டதக் காணோம்!

— பயந்துடுச்சுக்கா.

— பாத்தியா? சத்தம் போட்டாதான் அடங்குது. சர்க்கரை ஜாஸ்தி போடச் சொல்லு. இது இன்னா, காலண்டர்?

— பொறந்த தேதி. அம்புக்குறிய அமுத்தினா ஒவ்வொரு மாசமா பின்னாடி போவும்.

— இங்க ரெண்டாயிரத்தி ஆறு டிசம்பர்னு நிக்குது. நான் அறுபத்தி மூணு.

— ஐநூறு தடவைக்குக் கொஞ்சம் மேல அமுத்தினா வந்துடும்.

— ஐநூறா? அத்த அமுத்தி முடிக்கிறதுக்குள்ள எனக்கு இன்னொரு பொறந்த நாள் வந்துடும்! தேதிய வச்சிக்கினு இன்னா பண்ணுவானாம்?

— வாழ்த்து அனுப்புவானாம்.

— இருபத்தி நாலு வருஷமா எங்க வீட்டுக்காரரே அனுப்பல, இவன் அனுப்புறானாம்! ஏ பெட்டி, எடு அத்த!

— இப்ப அமுத்துங்க.

— எடுத்துடுச்சு! பாய், உங்க பெட்டி தங்கமான பெட்டி. சொன்னா கேக்குது. எங்க வீட்டு டிவிய அடிச்சாலும் கேக்காது.

— அமெரிக்காவுல செஞ்ச பெட்டிம்மா. மரியாதை தெரியும்.

— இது இன்னா தம்பி, பொடி எழுத்துல பக்கம் பக்கமா ஓடுது?

— நிபந்தனைங்கக்கா. மொத்தத்தையும் படிச்சிட்டேன்னு ஒரு டிக் அடிச்சா போதும்.

— படிக்கலியே.

— யாரும் படிக்க மாட்டாங்க. சும்மா அடிங்க.

— கிறிஸ்மஸுக்கு மனசத் தயார் பண்ற திருவருகைக் காலத்துல என்னப் பொய் சொல்லச் சொல்றியா? படி நீ, கேக்கறேன்.

— நாப்பத்திரண்டு பத்தி இருக்கு.

— நடுவுல ஒண்ணு படி.

— செருப்பு விஷயமா தகராறு வந்தா... கலிபோர்னியா கோர்ட்டுலதான் கேஸ் போடணும்.

— ஏன், ஆம்பூர் கோர்ட்டுல இன்னா, பூட்டா தொங்குது? வார் அறுந்துச்சுன்னா நான் ஏரோப்ளேன் ஏறணுமா? எவன் எழுதினது இது?

— எங்கேயோ இருந்து காப்பி அடிச்சிருக்கான்கா. செமஸ்டர் நேரம் போல.

— காப்பி அடிச்சவன் ஊர் பேரயாவது மாத்தக் கூடாது? பத்தாங்கிளாஸ்ல எம் பொண்ணு ஹெலன் இத்தவிட ஒழுங்கா காப்பி அடிச்சா. எடு மொத்தத்தையும்!

— பாய், நாப்பத்திரண்டு பத்தியும் போச்சு. மனசுக்கு லேசா இருக்கு. அக்கா, அமுத்துங்க. இனிமே சீட்டுல இருக்கிற நம்பர் ஒண்ணுதான் பாக்கி. பதினெட்டு எழுத்து. பாய் படிப்பார், நீங்க அடிங்க.

— பெரிய கே. சின்ன எம். ஏழு. நடுவுல ஒரு கோடு. பெரிய டபிள்யூ...

— இருங்க பாய், கே எங்கன்னு தேடிக்கினு இருக்கேன். மிஷின்ல நூல் கோக்கிறேன், இது இன்னா கண்ணுக்கே ஆம்பிட மாட்டேங்குது. ஆங், கே. அப்புறம்?

— சின்ன எம்.

— ஒரே எம்முதானே இருக்கு? சின்னது எங்க? சரி சரி, அடிச்சாச்சு. ஏழு. கோடு. டபிள்யூ. அப்புறம்... ஐயோ! தம்பி! மொதல் பக்கம் வந்துடுச்சு! செருப்பையே காணோம்!

— நேரம் முடிஞ்சிடுச்சுக்கா. அஞ்சு நிமிஷத்துக்குள்ள அடிக்கணும்.

— ஆலன், மணி அஞ்சு நாப்பத்தொம்பது.

— தம்பி, எங்க வீட்டுல பதிமூணு எவர்சில்வர் டப்பா இருக்கு. ஒண்ணுல பருப்பு, ஒண்ணுல புளி, மீதியெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. இன்னொண்ணு வந்தா வைக்க எடமில்ல. எனக்குச் செருப்பு வேணும். ஏ பெட்டி, நல்லாக் கேட்டுக்கோ! என் டோக்கன் நானூத்திப் பதினேழு. சம்பளத்துக்கு அதான், கேன்டீனுக்கு அதான், பஸ்ஸுக்கு அதான். சூப்பர்வைசருக்கு என் பேரு மறந்துடும், டோக்கன் மறக்காது. அத்தக் கேளு, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்றேன். பதினெட்டு எழுத்து எதுக்குடா உனக்கு?

— டோக்கன்... பாய், கம்பெனி குடுத்த டோக்கன் லிஸ்ட் என் ஃப்ளாப்பியில இருக்கு. மூணு மாசம் உக்காந்து யோசிச்சேன், இது தோணல.

— வேற ஒருத்தர் டோக்கன யாராவது அடிச்சிட்டா?

— அக்கா, உங்க டோக்கன வேற யாராவது போட்டு வாங்கிட்டா?

— எவ போடுவா? எது யாரு டோக்கன்னு செக்ஷனுக்கே தெரியும். மறுநாள் கேன்டீன்ல அவளுக்குச் சோறு எறங்குமா?

— பாய், பாதுகாப்பு ஏற்பாடும் கிடைச்சாச்சு.

— பேசாம அடிப்பா! அஞ்சு அம்பத்தி மூணு!

— ரெண்டு வரிதான் பாய்... கரண்ட் மட்டும் போவாம இருக்கட்டும்... ஏத்திட்டேன். அக்கா, அமுத்துங்க. செருப்பக் கூடையில போடுங்க.

— போட்டாச்சு. இப்ப ஒரே ஒரு கட்டம்தான் தம்பி நிக்குது.

— டோக்கன் அடிங்க.

— நாலு. ஒண்ணு. ஏழு. ஏ யப்பா! ஆயிரத்தி நானூறக் குறுக்கால கோடு போட்டு அடிச்சிடுச்சு! பக்கத்துல எழுநூறு!

— சம்பளத்துல புடிச்சுக்குவாங்க. கீழ பச்சைப் பொத்தான், அதுல ஒரு அமுத்து.

— யேசுவே... அமுத்திட்டேன்.

— அஞ்சு அம்பத்தெட்டு! பாய்! ஆர்டர் நம்பர் ஒண்ணு! சிவப்பு, முப்பத்தியேழு, சவுரியம்மாள்!

— அரே வா! டப்பா வேன் ரிவர்ஸ் எடுக்கட்டும்! அம்மா, இன்னிக்கு உங்களுக்குக் காசே வேணாம், டீயும் ஃப்ரீ!

— குதிக்காத தம்பி, மாடி எறங்கிடும். அந்த சன்னலக் கொஞ்சம் தொறங்க பாய். கம்பெனி பஸ் கீழ நிக்குது.

— உங்கள ஏத்திக்கினு போகவாம்மா?

— எல்லம்மா! செல்லம்மாள்! பூவம்மா! எல்லாரும் எறங்கி மேல வாங்கடி! நான் சொன்னேன் இல்ல, பெட்டியத் திட்டினா போதும், இத்தக் கட்டினவன்னு பாய் எல்லாருக்கும் காட்டுற புள்ள பக்கத்துலயே உக்காந்து எல்லாத்தையும் சரி பண்ணிடுவான்னு!