புரிந்துவிட்ட பாடம்

1946 கார்த்திகையில், அருப்புக்கோட்டையில் காரியாபட்டி பஸ் புறப்படக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் இருந்த இளைஞர் பக்கத்திலிருந்த சிநேகிதரிடம் கொதித்தார்.

“ஏலே, பிள்ளைகளுக்குப் பாடம் புரிஞ்சுபோனது என் குத்தமா?”

அவர் ஆசிரியர் பட்டமான பி.டி. படிக்கிறவர் என்பதும், பயிற்சிக்காக இவ்வூர்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறார் என்பதும் பேச்சில் தெரிந்தன.

“என்னலே நடந்துச்சு?”

“பூகோளத்துல அட்சரேகை, தீர்க்கரேகை நடத்தினேன். அம்புட்டும் தறிக்காரக வீட்டுப் பிள்ளைக. தறியில நெடுக்க ஓடுற பாவும் குறுக்க ஓடுற ஊடையும் மாதிரின்னு சொன்னதும் பிடிச்சுக்கிருச்சுக. பின்னால உக்காந்து பாத்து மார்க் போடவேண்டிய பெரிய வாத்தியாரு, தன் பருத்திக்காட்டுக்குப் போயிட்டாரு.”

“அவுகளுக்குப் பருத்திதான பெருசு!”

“இப்ப, ‘நான் பாக்கலையே, திங்கக்கிழமை அதையே மறுபடி நடத்து’ங்கிறாரு. தெரியாத மாதிரி முழிங்கன்னு பிள்ளைகள்ட்டயும் சொல்லி வச்சிட்டாரு!”

“நடத்திட்டுப் போயேன். அவுக மார்க் போடாம பட்டம் ஏது?”

“குழந்தை மனசு, குழந்தை மனசுன்னு காலேஜுல வருசம் பூரா படிச்சிட்டு, அதுகளப் பொய்யா முழிக்க வச்சு வாங்கினா, அதுக்குப் பேரு வாத்தியார் பட்டமா?”

பஸ் உறுமிக் கிளம்பியது.

“திங்கக்கிழமை அடுத்த பாடந்தான்லே நடத்துவேன். முட்டை போட்டாப் போடட்டும்.”