நடுக்களத்தில் குறுகும் கை

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, வறுத்த மீனின் வாசம் மூக்கைத் துளைத்தும் நான் பேசி முடிக்கும்வரை தட்டைத் தொடமாட்டேன் என்று தவமிருக்கும் பாஸ்டர் லூஷியஸ் அவர்களே! முன்வரிசையில் வெள்ளை உடையும் வெள்ளைத் தொப்பியுமாக வீற்றிருக்கும் திருச்சபைத் தாய்மார்களே! பிரசங்கத்தில் கண்ணயர்ந்தாலும் பந்தாட்டத்தில் கண்ணிமைக்காத மூத்த டீக்கன்மார்களே! பைன் ஹாலோ ஊரின் பெருமக்களே! கடைசி வரிசையில், கதவோரத்தில், காகிதத் தட்டோடு அமர்ந்திருக்கும் விருந்தாளி கிளைவ் ராட்னர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் டயர்க்கடை ஹோரஸ் பெட்டிஜானின் பணிவான வணக்கம்.

பத்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடம் கைவிட்டது. கணக்கு என்னைக் கண்டால் ஓடும். நான் இலக்கணத்தைக் கண்டால் ஓடுவேன். அப்படிப்பட்ட என்னை மேடையேற்றியது என் அறிவா? அழகா? இரண்டும் இல்லை. என் மகன் டெஸ்மண்டின் கால்கள்! எதிராளி மோதிச் சாய்க்கும் நம் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அணிக்காக ஓரமாக ஓடிப் பந்து பிடிக்கும் அந்தக் கால்களை, சனிக்கிழமை ஏதாவது ஒரு தொழில்முறை அணி தேர்ந்தெடுக்குமா என்று ஊரே காத்திருக்கிறது. அதற்காகத்தான் இந்த வாழ்த்துக் கூட்டம்.

வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் தாய்மார்களே, அச்சத்தோடு வந்தேன். சனிக்கிழமை 'உன்னை எடுத்தோம்' என்று தொலைபேசி அடிக்காவிட்டால் என் மகன் என்ன ஆவான் என்று அச்சம். அடித்துவிட்டால் என் மகன் என்ன ஆவான் என்று அதைவிட அச்சம்!

"சொல்லுங்க பிரதர்" என்கிறார் ஒரு டீக்கன். சொல்கிறேன் ஐயா.

போன அக்டோபரை மறந்தவர் யார்? நடுக்களத்தில் உயரமாக வந்தது ஒரு பந்து. பந்தைப் பார்ப்பவன் ஆளைப் பார்க்க முடியாது. அதுதான் இந்த ஆட்டத்தின் சாபம். அண்ணாந்த என் பிள்ளையின் விலாவில் பாய்ந்தான் எதிரணியின் ஒரு மலைமனிதன். விழுந்தவன் அசையவில்லை. என் மனைவி வெர்னிஸ் வேலி தாண்டிக் குதித்து ஓடினாள். இந்த வீரத் தந்தை என்ன செய்தேன்? தொத்திறைச்சி ரொட்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எழ நினைத்தேன், கால் எழவில்லை. சிரிக்காதீர்கள், அந்த மாதிரி ரொட்டியை இன்றுவரை நான் தின்னத் துணியவில்லை.

முறிந்த விலா எலும்பு கூடியது. மருத்துவர் சரி என்றார். ஊரும் சரி என்றது. ஆனால் போன செவ்வாய்க்கிழமை, அதோ அந்த ராட்னர் என் கடைக்கு வந்தார். தொழில்முறை அணிக்காகப் பையன்களை எடைபோடுவது அவர் வேலை. நான் கழற்றிய டயரின் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தார்.

"பெட்டிஜான் சார், உங்க பையன் ஓட்டத்த அளந்தாச்சு. தாவலையும் அளந்தாச்சு. உள்ளங்கை அகலத்தக்கூட விடல. ஒண்ணு மட்டும் அளக்க முடியல."

"என்னதுங்க அது?"

"அக்டோபர்க்கு அப்புறம், ஓரத்துல வர்ற பந்துக்குக் கை முழுசா நீளுது. நடுவுல வர்ற பந்துக்குக் கை குட்டையாயிடுது. எங்க தொழில்ல அதுக்கு முதலைக் கைன்னு பேரு. சொல்லுங்க, பயப்படுறானா?"

நான் டயரைப் பார்த்தேன். டயர் என்னைப் பார்த்தது. அவரே தொடர்ந்தார்:

"ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டேன். முடிவெட்டுற வெர்னல், 'பயமா? பயம்தான் அவனப் பாத்துப் பயப்படும்'னாரு. தேவாலயத்து அம்மா ஓபேலியா, 'சிங்கக் குகையில போட்டாலும் சிங்கத்துக்குத் தலை சீவிவிட்டு வருவான்'னாங்க. ஊரே சேந்து ஒரே பாட்டுப் பாடினா எனக்குச் சந்தேகம் வருதுங்க. பயமே இல்லாதவன்னா, ஒண்ணு அவன் இன்னும் சரியா அடிபடல, இல்ல பொய் சொல்றான். ரெண்டு பேரையுமே நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்."

ஐயோ என் அன்பான ஊரே! பிள்ளைக்குப் பல்லக்குச் செய்கிறோம் என்று நினைத்துப் பாடை கட்டிவிட்டோமே! அம்மா ஓபேலியா, முறைக்காதீர்கள். நீங்கள் அன்பினால்தான் சொன்னீர்கள். நான் அருகில் இருந்திருந்தால் சிங்கத்துக்குச் சவரமும் செய்துவைத்திருப்பேன்.

ஆனால் நான் என்ன பதில் சொல்வது? ஆம் என்றால், பிள்ளையின் கனவுக்குக் கதவடைத்த கை என் கை. இல்லை என்றால், அக்டோபர் மலையைவிடப் பெரிய மலைகளின் நடுவே அவனைத் தள்ளிய கை என் கை. எந்தத் தகப்பனுக்கு இப்படி ஒரு கேள்வி வர வேண்டும்? "வியாழக்கிழமை சாயங்காலம் சர்ச்சுக்கு வாங்க. மீனும் இருக்கும், பதிலும் இருக்கும்" என்றேன். வீரம் என்று நினைக்காதீர்கள். அந்த நிமிடத்திலிருந்து தப்பினேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை டெஸ்மண்டிடம் சொன்னேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் என்னைப் பள்ளி மைதானத்துக்கு இழுத்துப் போனான். வெர்னிஸின் தம்பி ரோஸ்கோவையும் கூப்பிட்டான். குளிர்சாதனப் பெட்டிக்குக் கைகால் முளைத்தால் எப்படி இருக்கும்? அவர்தான் ரோஸ்கோ. அவர் கையில் ஒரு பழைய மெத்தை. நான் நடுவில் பந்தெறிய வேண்டும். மகன் பிடிக்கும்போது மெத்தையோடு ரோஸ்கோ மோத வேண்டும். நான் எறிந்த முதல் பந்து வேலிக்கு வெளியே போனது. "மச்சான், பையனுக்கு எறியறீங்களா, பக்கத்து மாவட்டத்துக்கா?" என்றார் ரோஸ்கோ.

பிறகு நேராகவே எறிந்தேன். அப்போதுதான் கண்டேன். பந்து வருமுன்னே அந்த நீண்ட கைகள் மார்போடு ஒடுங்கின. பந்து தலைமேல் பறந்தது. மறுபடி எறிந்தேன், மறுபடி ஒடுங்கின. என் பிள்ளை வேலியோரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தான்.

"காலடிச் சத்தம் கேக்குதுப்பா. மாமா ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேக்குது."

"போதும்டா. வீட்டுக்குப் போலாம்."

"இன்னொண்ணு எறிங்க."

"வேணாம் ராசா."

"எறிங்கப்பா!"

எறிந்தேன். என் வாழ்விலேயே நல்ல பந்து அதுதான். இனி அப்படி வராது. அவன் ஓடினான். உதடு நடுங்கியது, கை நடுங்கியது. நடுங்கிக்கொண்டே, நடுங்கிக்கொண்டே, அந்தக் கைகள் நீண்டன! விரல் நுனிவரை நீண்டன! பந்து ஒட்டியது, அதே கணம் ரோஸ்கோ மோதினார். இருவரும் புழுதியில் விழுந்தார்கள். அவன் எழும்வரை நான் மூச்சுவிடவில்லை. எழுந்தான். பந்து கையில் இருந்தது. கன்னத்தில் கண்ணீர் இருந்தது.

இன்று காலை அவனே சொன்னான்: "சொல்லிடுங்கப்பா. எடுக்கலேன்னா டயர் மாட்டக் கத்துக்கறேன்."

"நீ டயர் மாட்டினா, அந்த வண்டிக்காரங்கள நெனச்சு எனக்குப் பயம்டா" என்றேன்.

ஆகவே ராட்னர் அவர்களே, இதோ என் பதில். பயப்படுகிறான்! என் மகன் பயப்படுகிறான்! அவனைப் பெற்றவளும் பயப்படுகிறாள், பெற்றவனும் இங்கே பயந்துகொண்டே நிற்கிறேன். அச்சமில்லாத கை நீள்வதில் என்ன அதிசயம்? அஞ்சிய கை நீண்டதை நான் கண்டேன். உங்கள் அளவுகோலில் அதற்கு ஒரு கோடு உண்டா, ஐயா?

என்ன? ராட்னர் எழுந்து கையை உயர்த்துகிறார். அமைதி, அமைதி. கேளுங்கள் ஐயா.

"அந்தக் கடைசிப் பந்த யாரு கேட்டது? நீங்களா, அவனா?"

நான் வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவன்தான் கேட்டான்.

தலையசைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தாய்மார்களே, திரும்பிப் பார்க்காதீர்கள்; நானே பார்த்துச் சொல்கிறேன். இரண்டாவது மீன் துண்டை எடுக்கிறார். அதற்கு என்ன பொருள்? எனக்குத் தெரியாது. சனிக்கிழமைவரை தெரியப்போவதும் இல்லை.

ஊராரே, ஒரே வேண்டுகோள். தொலைபேசி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் சனிக்கிழமை என் வீட்டு முற்றத்துக்கு வாருங்கள். அடுப்பு எரியும். ஆனால் என் மகனிடம் "பயப்படாதே" என்று சொல்பவருக்குத் தட்டு கிடையாது. "பயந்துகொண்டே கையை நீட்டு" என்பவருக்கு இரண்டு தட்டு.

பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், முறைத்துக் கேட்ட அம்மா ஓபேலியாவுக்கும், மூன்று முறை என் காலை மிதித்தும் என்னைப் பேசவிட்ட வெர்னிஸுக்கும், எங்கள் அனைவரையும்விடத் துணிந்து அஞ்சிய டெஸ்மண்டுக்கும், இதோ பாருங்கள், நடுங்கும் இந்த இரண்டு கைகளையும் முழு நீளத்துக்கும் நீட்டி, என் நன்றி. வணக்கம்.