மங்கல் பக்கம்

சாய்மானம் உள்ள நாற்காலியாகப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள் சார், நல்லது. எனக்கு இடுப்பு வலி. கல் கிரஷரில் கூடை தூக்கிய காலத்தில் பிடித்தது. இப்போது செய்வதும் குனிந்தே செய்கிற வேலை என்பதால் அது விட்டுப் போகவில்லை.

வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். பெரிய நெகட்டிவ், உள்ளங்கையை விரித்து வைத்தாலும் சுற்றிலும் மிச்சம் இருக்கும் அளவு பிலிம், அதைக் கம்ப்யூட்டர் படமாக மாற்றித் தருகிறேன். வீட்டுப் பின்னறைதான் பட்டறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, மேசைமேல் விளக்குப் பெட்டி, அதன்மேல் பிலிம், உச்சியிலிருந்து குனிந்து பார்க்கும் கேமரா. துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால் சுவரில் ஊரும் எறும்பின் கால்கூடத் தெரியும்.

பிலிமுக்கு இரண்டு பக்கம். ஒன்று பளபளக்கும். மருந்து பூசிய பக்கம் மங்கலாக இருக்கும். மங்கல் பக்கத்தை மேலே வைத்தால் படம் கூர்மையாக வரும், ஆனால் இடது வலதாகிவிடும். அதனால் கடைசியில் கம்ப்யூட்டரில் திருப்பிவிட வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. எல்லாப் படத்துக்கும் அழுத்தினேன், ஒன்றுக்கு அழுத்தவில்லை. நான் செய்ததாக நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது, சரியாகச் சொன்னால், நான் செய்யாமல் விட்டது.

பெயிண்ட் கம்பெனியின் கிடங்கு எரிந்தது உங்களுக்குத் தெரியும். சுமை இறக்கும் ஆட்கள் நால்வர் உள்ளேயே செத்துப்போனார்கள். அதில் ஒருவன் கிரஷரில் என்னோடு கூடை மாற்றியவன். கிடங்கின் இடது பாதிக்கு ஒரு மேற்பார்வையாளர், வலது பாதிக்கு இன்னொருவர். இரண்டு பாதியும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருக்கும். வெளியே நிற்க வேண்டிய தின்னர் டிரம்களை உள்ளே கொண்டுவந்து மின்சாரப் பெட்டியை ஒட்டி அடுக்கியவர் யார் என்பதுதான் விசாரணை. இருவரும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள். எரிந்த பிறகு தகரமும் சாம்பலும் ஒரே குவியல், பக்கம் பார்க்க வழியில்லை.

வழி ஒன்று இருந்தது. தீப்பிடிப்பதற்கு முந்தின நாள், முதலாளி அறைச் சுவரில் மாட்டுவதற்காகக் கம்பெனிப் படக்காரர் தன் பெரிய கேமராவால் கிடங்கின் உட்புறத்தை எடுத்திருந்தார். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு எடுத்த படம். பிலிமைக் கழுவி உலர்த்திய கையோடு அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. பேச்சு நின்றது, ஒரு கையும் போயிற்று. விசாரணை அதிகாரி படத்தைக் கேட்கவும், அவர் மனைவி பிலிமை என்னிடம் கொண்டுவந்தார்.

இடது பாதியின் மேற்பார்வையாளர் என் தம்பி. நாங்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று அதிகாரிக்கு யாரும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

தம்பி அன்று சாயங்காலமே வந்தான். அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான்.

“அண்ணே, டிரம்மு என் பக்கந்தான் இருந்துச்சு. மழைக்கு மூடி துருப்பிடிக்குதுன்னு உள்ள எடுத்து வைக்கச் சொன்னேன். வேற எதுவும் நெனைக்கல.”

“சாப்பிட்டியா?” என்றேன்.

“எறங்கல.”

“பிள்ளைக்கு ஏதாச்சும் வாங்கிட்டுப் போ. படத்த நான் பாத்துக்கறேன்.”

அவ்வளவுதான் பேச்சு. மங்கல் பக்கத்தை மேலே வைத்தேன், தூசி தட்டினேன், எடுத்தேன், ஒட்டினேன். டிரம்கள் வலது பாதிக்குப் போய்விட்டன. காட்டிக்கொடுக்க ஓர் எழுத்துகூடப் படத்தில் இல்லை. அப்படியே கொடுத்துவிட்டேன்.

வலது பாதிக்காரரை எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள். எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. தம்பிக்குக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். படத்தைப் பார்த்து அவரைப் பிடித்துப் போன பிறகு, அவர் மகள் ஸ்டேஷன் வாசலில் நின்று, “எங்கப்பா தீப்பெட்டியக்கூட உள்ள விடமாட்டாரு” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் ஒருவர் உள்ளே போயாக வேண்டும். யார் என்று கேட்டால், எந்த அண்ணனும் என் பதிலைத்தான் சொல்வான்.

இதோடு முடிந்திருக்கும். படக்காரரின் மனைவிதான் விடவில்லை. அவர் எடுத்த கடைசிப் படம், பெரிசாகப் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள், முகம் தெளியும் என்றார். மறுநாள் அதிகாரியும் வரப்போகிறாராம், இது நீங்கள் எடுத்ததுதானா என்று கேட்டுத் தலையசைப்பு வாங்க. மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். போனேன்.

நன்றாக இருந்த காலத்தில் அந்த மனுஷன் என்னைச் சீண்டாமல் விடமாட்டார். “கல்லு தூக்குன கையாலயா பிலிம தொடுற? பாத்துப்பா, அதுக்கு வலிக்கப் போகுது” என்பார். சிரிப்பு வரும், கோபம் வராது. இப்போது கட்டிலில் துவைத்துப் போட்ட துணிபோலக் கிடந்தார். படத்தை எதிரே பிடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நல்ல கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து, விரலை நீட்டி, உள்ளங்கை கீழே இருக்கும்படி வைத்து, அப்படியே புரட்டினார். மறுபடி புரட்டினார். என்னையே பார்த்துக்கொண்டு.

“என்னங்க கேக்குறாரு?” என்றார் மனைவி.

“வெந்நீர் கேக்குறாரும்மா. கொஞ்சம் நல்லா கொதிக்க வச்சே கொண்டாங்க.”

அவர் அடுப்படிக்குப் போனார். படக்காரர் கனமே இல்லை. கல்கூடை தூக்கிப் பழகியவனுக்கு இதெல்லாம் ஒரு சுமையா. குப்புறப் புரட்டி, முகம் தலையணையில் பதியும்படி பிடரியில் கையை வைத்துக்கொண்டேன். அந்த ஒரு கை மெத்தையைக் கொஞ்சம் பிராண்டியது. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு மல்லாத்திப் போட்டு, போர்வையை இழுத்துவிட்டு, வாயைத் துடைத்தேன். வெந்நீரோடு வந்தவரிடம், தூங்குகிறார், எழுப்பாதீர்கள் என்றேன். வாதம் வந்த உடம்பு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவருக்கும் அது விடுதலைதான். பேச முடியாதவரை வைத்துக்கொண்டு அந்தம்மா எத்தனை காலம் சுமப்பார்.

நெகட்டிவை ஏன் எரிக்கவில்லை என்று கேட்டீர்கள். அடுத்தவர் பிலிமை அழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. சோடாபுட்டியின் வக்கீல் அசலைக் கேட்டு வந்தபோதும் எடுத்துத்தான் கொடுத்தேன். பிலிம் மூலையில் சின்ன வெட்டுகள் இருக்கும். இருட்டில் தடவிப் பார்த்தே எது மங்கல் பக்கம் என்று கண்டுபிடிப்பதற்காக வைத்தது. அதைப் படிக்கத் தெரிந்த ஆளை வக்கீல் கூட்டிவருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது என் கவனக்குறைவு.

தம்பியைப் பற்றி இனி நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். சோடாபுட்டியை விட்டுவிடுவீர்கள், அந்தக் கணக்கும் நேராகிவிடும். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தம்மா ஒரு பிலிமைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். படக்காரர் எப்போதோ தன்னைத் தானே எடுத்துக்கொண்டது. அவர் முகம் உள்ள படம் வீட்டில் அது ஒன்றுதானாம், பெரிசாக மாட்ட வேண்டுமாம். செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், கையே வைக்கவில்லை. இந்த விஷயத்தில் நான் யாருக்காவது கடன்பட்டிருக்கிறேன் என்றால், அந்தம்மாவுக்கு அந்த ஒரு படம்தான்.