நாய்க்கு ஒரு ‘ங்க’

வேலம்பாளையத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் பனியன் கம்பெனி அட்டை. இளையவள் சொன்னது காதில் விழுந்ததும் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். இனி அது எதற்கு?

“எங்க கம்பெனி நாயை இப்ப மரியாதையாத்தான் கூப்புடறோமுங்க்கா.”

“நாயவா? அது கடிக்க வருதுன்னீங்களே?”

“ஆமாங்க. வாசல்ல நின்னுட்டு யாரையும் உள்ள உடாது. சூப்பர்வைசர் குச்சியெடுத்து அடிச்சாரு. இன்னும் மோசமாயிருச்சு. முதலாளி, புடிச்சு எங்காச்சும் உட்டுட்டு வரச் சொல்லிட்டாருங்க.”

“அப்புறம்?”

“நான் எட்ட நின்னு, ‘வாங்க, சாப்புடுங்க’ன்னு பன்னைப் பிச்சுப் போட்டேன். கிட்டப் போகலீங்க. அதுவா வரட்டும்னு உட்டுட்டேன். இப்ப வாலாட்டிட்டு வருது.”

“சரி, மரியாதை எதுக்குங்க?”

“‘ங்க’ போட்டு நாயை அதட்டிப் பாருங்க, அதட்டவே வராது. குரல் தானா எறங்கிரும். அதுக்கு அந்தக் குரல்தானுங்க வேணும்.”

“சூப்பர்வைசரு?”

“அவரும்தான். குச்சியத் தூக்கிப் போட்டுட்டாரு. நேத்து, ‘கொஞ்சம் தள்ளிக்குங்க’ன்னாரு. தள்ளிப் படுத்துக்கிச்சு.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அப்ப உங்களையும் ‘ங்க’ போட்டுத்தான் கூப்புடறாருங்களா?”

“இல்லீங்க்கா. நாய்க்கு மட்டுந்தான்.”