சீனப் பொடியும் மசால்வடையும்

உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தேன். ஏரிக்கரை தாண்டும்போது முன் சீட்டுப் பெண் சொன்னது காதில் விழுந்தது.

"எனக்கு ஒடம்பு தேறிடிச்சிக்கா. அவராண்ட மட்டும் சொல்லிடாத."

உடனே காதிலிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன். அவள் பக்கத்தில் இருந்த பெரியவளின் மடியில் மசால்வடைப் பொட்டலம் பிரிந்திருந்தது.

"சிங்கப்பூர்லருந்து உன் வூட்டுக்காரர் அனுப்பிச்ச சீனாப் பொடியாலயா?"

"ஆமாங்கா. செரிமானத்துக்கும் நெஞ்சுக்கும் சேத்து ஒரே பொடியாம். இன்னா வேரோ, இன்னா கெழங்கோ, மண்ணு வாசனை அடிக்குது. ஆனா இருமல் நின்னுபோச்சு. பசியும் பிச்சிக்கினு வருது."

"நல்ல சேதி தானடி? சொல்றதுக்கு இன்னா?"

"முன்னல்லாம் ஞாயித்துக்கெழம மட்டும்தான் போன் பண்ணுவாரு. இப்ப தெனம் சாயங்காலம் வீடியோல வந்து, நான் பொடிய கலக்கிக் குடிக்கிற வரிக்கும் பாத்துக்கினே கீறாரு. இன்னும் தேறலன்னா லீவு போட்டு வந்துடறேன்னு வேற சொல்லிகீறாரு."

"அடிப்பாவி! அதுக்காக சீனாக்காரன் மருந்துக்கு கெட்ட பேரா?"

இருவரும் சிரித்தார்கள். அப்போது சின்னவளின் போன் அடித்தது. அவள் வாயிலிருந்த வடையை அவசரமாக விழுங்கினாள்.

"சொல்லுங்க... இல்லீங்க, ஒரு வாய் கூட எறங்கல." குரல் நடுங்கியது. அது நடிப்பென்று எனக்குத் தோன்றவில்லை. "எப்ப வர்றீங்க?"

பெரியவள் கடைசி வடையை அவள் கையில் வைத்து மூடினாள்.